குனிந்து படிக்கும் எழுத்து

என் எழுத்தைப் பார்த்து முதல் பார்வையில் முகம் சுளிக்காதவர்கள் குறைவு. "கண்ணுக்கே தெரியல லா" என்பார்கள். "சரியாச் சாப்பிடாத பிள்ளை மாதிரி இருக்கு" என்பார்கள். ஒரு கோயில் தலைவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, "இதுல திருவிழா நோட்டீஸ் அடிச்சா சாமியே வராதும்மா" என்றார். சிரித்துக்கொண்டே அவருக்குத் தடித்த எழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். வேலை வேலைதான். ஆனால் உங்களுக்கெல்லாம் கத்தினால்தான் காது கேட்கும் என்று மனத்துக்குள் திட்டிக்கொண்டேன்.

மலேசியாவில், ஈப்போ நகரத்தில் ஓர் அச்சுக்கடையில் இருபது வருடங்களுக்கு மேலாகக் கணினியில் உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணக் கார்டு, கருமக்கிரியைக் கார்டு, பேனர், பில் புத்தகம், கேக் பெட்டி என்று எது வந்தாலும் எழுத்து அடுக்குவது நான்தான். பத்து வருடங்களுக்கு முன்பு ஓர் எழுத்துருவை நானே வரைந்தேன். கையால் எழுதியது போல இருக்கும், மெலிந்து, லேசாக வலப்பக்கம் சாய்ந்து. கடையில் அதற்குப் பெயர் கிடையாது. "ஒல்லி எழுத்து" என்பார்கள்.

அதை வரைந்ததே கோபத்தில்தான். கல்யாணக் கார்டில் மாப்பிள்ளை பெண் பெயரை ஆங்கிலத்தில் போடும்போது எல்லாரும் அந்த வளைந்து நெளிந்த கையெழுத்து மாதிரியான எழுத்தைத்தான் கேட்பார்கள். ஆங்கிலத்தில் அப்படி நூறு இருந்தன. தமிழில் எங்கள் கணினியில் இருந்ததெல்லாம் தேர்தல் பேனருக்குச் செய்த எழுத்துகள். ஒரே பெண்ணின் பெயர் மேலே பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு நிற்கும், கீழே பூட்ஸ் போட்டுக்கொண்டு நிற்கும். "தமிழ்ல இப்படித்தான் வரும்க்கா, பரவால்ல" என்று கல்யாணப் பெண்களே சமாதானம் சொல்லிவிட்டுப் போவார்கள். ஏன் பரவாயில்லை? எனக்குப் பரவாயில்லை என்று விட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் உட்கார்ந்து, மெல்லிய முனைப் பேனாவால் ஒவ்வோர் எழுத்தாக எழுதினேன். 'ஞ' என்னைப் படுத்தி எடுத்துவிட்டது. 'ழ' மட்டும் முதல் தடவையே சரியாக வந்தது, அதன் வால் அடுத்த எழுத்தின் காலடி வரைக்கும் நீண்டு போகும். மெய்யெழுத்தின் புள்ளியை நான் உருண்டையாக வைக்கவில்லை. பேனா தொட்டு எடுத்த சின்னக் கீற்றாக விட்டேன். ஒரு மழைக்காலம் முழுக்க இந்த வேலைதான் நடந்தது.

அதன் குணங்களைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு இடம் வேண்டும். நாலு பக்கமும் வெள்ளையாக விட்டால்தான் மூச்சு விடும். அளவைக் குறைத்தால் மெல்லிய கோடுகள் காணாமல் போகும். கறுப்பின் மேலோ கருஞ்சிவப்பின் மேலோ போட்டால் மை அதை விழுங்கிவிடும். சிவப்பு அட்டையில் தங்கத்தாள் அழுத்தினால் பாதிக் கோடு ஒட்டும், பாதி ஒட்டாது. கணினியில் தடிமன் பொத்தானை அழுத்திப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தேனீ கொட்டிய முகம் போல வீங்கிப்போகும். அது யாருக்காகவும் தடிக்காது. பிடிவாதம் பிடித்த எழுத்து.

மெல்ல மெல்லப் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனது. கல்யாணம், நிச்சயதார்த்தம், மஞ்சள் நீராட்டு எல்லாவற்றுக்கும் அதுதான் என்றானது. தைப்பிங்கில் ஒரு சேலைக்கடை தன் பையெல்லாம் அந்த எழுத்தில் அடித்தது. ஆனால் எங்கள் கடையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. முதலாளி தமிழ் முஸ்லிம், எல்லாருக்கும் அவர் பாய். இந்துக்களின் சம்பிரதாயம் இந்துக்களைவிட அவருக்குத் தெரியும். கணினியில் அவர் சொல்லி இரண்டு கோப்புறைகள் வைத்திருக்கிறோம். ஒன்றின் பெயர் 'நல்லது', மற்றதன் பெயர் 'கெட்டது'. நல்லதில் இருக்கும் பூ, கோலம், எழுத்து எதுவும் கெட்டதுக்குப் போகக் கூடாது. கருமக்கிரியைக் கார்டுக்கு வேறு தாள், வேறு அலமாரி. கல்யாணக் கார்டு அச்சாகி வந்ததும் முதல் கார்டின் நாலு மூலையிலும் மஞ்சள் வைத்துத்தான் வாடிக்கையாளர் கையில் கொடுக்க வேண்டும். மஞ்சள் டப்பா பாய் மேசையில் இருக்கும், வைப்பது என் விரல். ஒல்லி எழுத்து நல்லதில் இருந்தது.

இப்போது அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சுங்காய்க்கும் சிலிம் ரிவருக்கும் நடுவில் இருந்த ஒரு தோட்டத்தில் அம்மா ரப்பர் மரம் சீவினாள். அப்பா நான் நடக்கப் பழகும் முன்பே இறந்துவிட்டார். அதோடு அம்மாவின் மஞ்சளும் பொட்டும் போயின. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் சமையல் முழுக்கச் செய்வாள், தாலி கட்டும்போது பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். யாரும் விரட்ட வேண்டியதில்லை. அவளே போய்விடுவாள். அது எனக்குச் சின்ன வயதிலேயே பற்றிக்கொண்டு வரும்.

எனக்குப் பதினைந்து வயதில் அண்ணனுக்குக் கல்யாணம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கார்டு அடித்த கல்யாணம் அதுதான். அம்மாவின் கல்யாணத்துக்கெல்லாம் கார்டு ஏது, வெற்றிலை பாக்குத் தட்டோடு லயம் லயமாகப் போய் வாயால் சொன்னதுதான். கார்டை ஈப்போவில் அடித்துக்கொண்டு வந்தவர் பெரியப்பா. அழைப்பது அவரும் பெரியம்மாவும். மாப்பிள்ளை, அமரர் இன்னாரின் மகன். அப்பா பெயர் இருந்தது. "தாலியறுத்தவ பேரு நல்ல காரியத்துல முன்னுக்கு நிக்க வேணாம்" என்று பெரியப்பா சொன்னாராம். சொன்னது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அம்மா தோட்டப் பள்ளியில் மூன்றாவது வரை படித்தவள். கார்டை மடியில் வைத்து, விரலை வைத்து வரிவரியாகப் படித்துக்கொண்டு போனாள். கடைசி வரிக்கு வந்தாள். மறுபடி மேலேயிருந்து ஆரம்பித்தாள். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. இரண்டாம் தடவையும் முடித்துவிட்டுக் கார்டைத் திருப்பினாள். அந்தப் பக்கம் ஆங்கிலத்தில் அண்ணன் பெயரும் அண்ணி பெயரும் தங்க நிறத்தில் வளைந்து ஓடின. அவளுக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. அதன் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"எழுத்து எவ்ளோ அழகா இருக்கு பாரு. நம்ம எழுத்துல இப்படி வராதா?"

அவ்வளவுதான் கேட்டாள். பெரியப்பாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கார்டைக் கண்ணாடிச் சட்டத்தின் இடுக்கில் செருகினாள். ஐந்து வருடம் கழித்து அவள் இறக்கும்வரை அது அங்கேயே இருந்தது. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம்.

அவளைத் தோட்டத்து இடுகாட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் புதைத்தோம். அப்பாவுக்கு அந்தக் காலத்தில் மரண சகாய நிதியில் சிமெண்டுப் பலகை வைத்திருந்தார்கள், ஆங்கில எழுத்தில் பெயர் போட்டு. அம்மா போனபோது தோட்டமே ஆட்டம் கண்டிருந்தது. வசதியில்லாத எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம், தலைமாட்டில் ஒரு மஞ்சள் குரோட்டன்ஸ் செடி நட்டோம். எங்கள் ஆட்கள் குழியைச் செடி வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். மஞ்சள் குரோட்டன்ஸ் இன்னார், இரட்டைச் செம்பருத்தி இன்னார். தீபாவளிக்கு முந்தின நாள் படையலோடு போகும்போது யாரும் தடுமாறியதில்லை. பெயர் எழுத வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நம்முடையவர்களை நமக்குத் தெரியாதா என்ற நம்பிக்கை. அதுதான் நாங்கள் செய்த தப்பு.

ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது. செம்பனையும் போய் நிலம் கைமாறியது. இரண்டு வருடங்களுக்கு முன்பு இடுகாட்டு வாசலில் ஓர் அறிவிப்பைக் கட்டினார்கள். பெயர் உள்ள குழிகளைக் கணக்கெடுத்து வேலி போட்டு அப்படியே விடுவார்களாம். பெயர் இல்லாதவற்றுக்கு உரிமைக்காரர் இல்லை என்று வைத்து, எலும்பையெல்லாம் எடுத்து வேறிடத்தில் ஒரே குழியில் சேர்த்துவிடுவார்களாம். கணக்கெடுக்க அதிகாரி வரும் நாளையும் போட்டிருந்தது. சிலிம் ரிவரில் லாரி ஓட்டும் அண்ணன்தான் அதைப் படமெடுத்து அனுப்பிவிட்டுப் போன் பண்ணினார்.

"பாப்பா, கடையில ஒரு போர்டு அடிச்சுடு. கறுப்புல, பெருசா, ரோட்டுல இருந்தே தெரியுற மாதிரி. ரூமி எழுத்துலயே போடு. வாரவன் மலாய்க்காரனா இருந்தா படிக்கணும்ல."

ரூமி என்றால் ஆங்கில எழுத்தில் மலாய் எழுதுவது.

"போர்டு நான் பண்றேண்ணே. ஆனா தமிழ்லதான். என் எழுத்துலதான்."

"எந்த எழுத்து? அந்தக் கல்யாணக் கார்டு எழுத்தா?"

"ஆமா."

"உனக்கென்ன கிறுக்கா? சமாதியில போய் அதைப் போடுவாங்களா? நாலு பேரு காறித் துப்புவான்."

"உன் கல்யாணக் கார்டுல அம்மா பேரு எந்த எழுத்துல இருந்துச்சுண்ணே?"

அவர் போனை வைத்துவிட்டார். அப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்று ஊர் சொல்லலாம். எனக்கு வருத்தமில்லை. இருபத்திரண்டு வயதில் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டியவர்தானே அவர்.

மறுநாள் நல்லதில் இருந்த எழுத்தை எடுத்து அம்மாவின் பெயரை அடித்தேன். திரையில் அந்தப் பெயரை முதல்முதலாகப் பார்க்கிறேன். பின்னால் பாய் வந்து நின்றது தெரியவில்லை.

"யாரோட கல்யாணம்?"

"கல்யாணம் இல்ல பாய். எங்கம்மா சமாதிக்கு."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தங்கச்சி, நான் உனக்குச் சொல்லித் தரணுமா? அந்த எழுத்தை நம்பித்தான் பாதிக் கடை ஓடுது. நாளைக்கு ஒருத்தன் சமாதியில இதப் பார்த்துட்டு வந்து, எம்மக கார்டுல சாவு எழுத்தைப் போட்டுட்டியேன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"சமாதியில இருக்கிறது கல்யாண எழுத்துன்னு சொல்லுங்க."

"வெளயாடாத லா. எழுத்து கடையோடது."

"கம்ப்யூட்டர் உங்களுது. எழுத்து என் கை. வேணாம்னா நாளையிலேர்ந்து தடி எழுத்துலயே கார்டு அடிங்க, நானும் என் கையும் போறோம்."

என் குரல் நடுங்கியது. கோபத்தில்தான், பயத்தில் இல்லை என்று எழுத ஆசை. கொஞ்சம் பயமும் இருந்தது. பாயின் அம்மாவின் கல்லறை கடல் தாண்டி இருக்கிறது, அது எனக்குத் தெரியும். எழுந்து போகும்போது, "மஞ்சள் மட்டும் வச்சுத் தொலைக்காத" என்றார்.

முதலில் வெள்ளைப் பலகையில் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டி அனுப்பினேன். அது என் அவசரம். என் எழுத்தின் குணம் எனக்கே தெரிந்திருக்க வேண்டும். பத்து நாள் மழையில் மெல்லிய கோடுகள் ஒவ்வொன்றாக உரிந்தன. அண்ணன் படமெடுத்து அனுப்பினார். அம்மா பெயரில் பாதிதான் இருந்தது. கீழே அவர் ஒரு வார்த்தையும் எழுதவில்லை, அதுவே திட்டியது போல இருந்தது. அதிகாரி வர மூன்று வாரம்தான் இருந்தது.

ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்பு மலைகள், மலைக்கு மலை பளிங்குக்கல். மலையடியில் கல்லறைக் கல் வெட்டும் ஒரு சீனப் பெரியவரிடம் போனேன். நான் கொடுத்த தாளை அவர் தலைகீழாகப் பிடித்தார். திருப்பிக் கொடுத்தேன். எண்ணெய் படிந்த மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். முடியாது என்பார் என்று சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"ஹாலுஸ் போலே. தாப்பி கெனா டாலாம்" என்றார். மெல்லிசாக முடியும், ஆனால் ஆழமாக வெட்டணும் என்று பொருள்.

அம்மா கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். அவள் தொழிலில் ஆழம்தான் பாவம். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும், கத்தி ஆழப் போனால் மரம் காயப்பட்டுப் போகும், மேற்பார்க்கும் தண்டல் வந்து கத்துவார். ஆனால் கல் மரமில்லையே. ஆழமாகவே வெட்டுங்கள் அங்கிள் என்றேன். கோட்டுக்குள் கறுப்புச் சாயம் ஊற்றி ஒரு துண்டுக் கல்லில் முயன்று பார்த்தார். சாயம் கசிந்து எழுத்தை வீங்கவைத்தது. "சாயம் வேண்டாம்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். வெள்ளைக் கல்லில் வெட்டிய கோடு, அதில் விழும் நிழல். அவ்வளவுதான்.

கல்லை எடுத்துக்கொண்டு கிளம்பிய காலையில் கடைக்குப் போனேன். பாய் கணக்கு எதையோ பார்ப்பது போல இருந்தார். அவர் கண்முன்னாலேயே மேசையில் இருந்த மஞ்சள் டப்பாவை எடுத்துப் பையில் போட்டேன். அவர் மூக்கிலேயே இருந்த கண்ணாடியை மேசையில் தேட ஆரம்பித்தார்.

அண்ணன் குழி தோண்டிக் கல்லை நட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நட்டார். இரண்டடி தள்ளிப் போய்ப் பார்த்தார். "ஒண்ணுமே தெரியல. வெறுங்கல்லு மாதிரி இருக்கு." சுற்றிலும் மற்றவர்கள் தகரத்திலும் பலகையிலும் கறுப்பும் சிவப்புமாகப் பெரிய பெரிய ரூமி எழுத்தில் பெயர் எழுதி நட்டிருந்தார்கள். அவர் சொன்னது உண்மைதான். நான் உட்கார்ந்து, கல்லின் நாலு மூலையிலும் மஞ்சள் வைத்தேன்.

"பாப்பா! அவங்களுக்கு அது வைக்கக் கூடாது."

"யாரு சொன்னா?"

"பெரியவங்க..."

"பெரியப்பா நாலு குழி தள்ளித்தான் இருக்காரு. எந்திரிச்சு வந்து தடுக்கச் சொல்லு."

அண்ணன் திரும்பி நின்றுகொண்டு முகத்தைச் சட்டையில் துடைத்தார். வியர்வையாகவும் இருக்கலாம், நான் கேட்கவில்லை.

அதிகாரி வந்த நாளுக்கு முந்தின இரவு மழை. உயரமான வண்டி, உள்ளே நடுத்தர வயது மலாய்க்காரர், மடியில் பட்டியல். சேற்றில் இறங்க அவருக்கு மனமில்லை. வண்டி இடுகாட்டின் ஓரமாக ஊர்ந்தது. தடித்த பெயர்களை அவர் அங்கிருந்தே வாய்விட்டுப் படித்து எழுதிக்கொண்டு வந்தார். குடும்பத்துக்காரர்கள் அந்தந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று தலையாட்டினார்கள். அப்பாவின் சிமெண்டுப் பலகையைப் படித்தார். அடுத்தது எங்கள் கல். பார்த்தார்.

"நாமா தடா" என்றார். பெயர் இல்லை. பேனா அடுத்த வரிக்குப் போனது.

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். "அப்பவே சொன்னேன்ல" என்று அவர் வாயால் சொல்லவில்லை. என் பிடிவாதத்தால் அம்மாவை ஒரு பொதுக்குழியில் கொண்டுபோய்த் தள்ளப் போகிறேனா? ஆனாலும் கால் முன்னால் போனது. வண்டிக் கதவின் மேல் கையை வைத்தேன்.

"பெயர் இருக்கிறது. நீங்கள் இறங்கி வர வேண்டும்" என்று மலாயில் சொன்னேன்.

"இங்கிருந்து தெரியவில்லையே."

"தெரியாது. பக்கத்தில் வந்தால்தான் தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கையை எடுக்கவில்லை. பெருமூச்சு விட்டுவிட்டு இறங்கினார். சப்பாத்து சேற்றில் புதைந்தது. கல்லுக்கு முன்னால் வந்து நின்றார், தெரியவில்லை. குனிந்தார். பிறகு காற்சட்டையை மேலே இழுத்துவிட்டுக் கல்லுக்கு நேராகக் குந்தி உட்கார்ந்தார். முகத்துக்கும் கல்லுக்கும் ஒரு சாண் இடைவெளி. விரலை எடுத்து, வெட்டிய கோட்டில் வைத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஓட்டினார். அவருக்குப் படிக்கத் தெரியாத எழுத்து.

"சந்தேக்" என்றார். அழகு. பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "இவர் பெயர் என்ன?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முன்னால் வந்தார். எங்கள் வீட்டில் பெற்றவர்கள் பெயரைப் பிள்ளைகள் வாயால் சொல்லும் வழக்கம் இல்லை. அம்மாவின் சாவுப் பதிவுக்குப் போனபோதுகூட அவர் அடையாள அட்டையைத்தான் நீட்டினார். இப்போது அந்த மனிதர், ஐம்பதைத் தாண்டிய லாரிக்காரர், அம்மாவின் பெயரை இடுகாடு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அதிகாரிக்கு எழுத வரவில்லை. மறுபடி, எழுத்து எழுத்தாகச் சொன்னார். மூன்றாம் தடவை சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. நான் அழுதேன். நன்றாகவே அழுதேன்.

பெயர் பட்டியலில் ஏறியது. வேலி போட்டிருக்கிறார்கள். நாளைக்கு வேறு யார் வந்து வேறு என்ன அறிவிப்பைக் கட்டுவார்களோ தெரியாது. வரட்டும், அவர்களையும் இறங்கச் சொல்வேன். கடையில் இப்போது நல்லதிலும் கெட்டதிலும் ஒல்லி எழுத்து இருக்கிறது. இரண்டிலும் போட்டது நான்தான். பாய்க்குத் தெரியும்.

அந்தப் பெயர் என்ன என்று இவ்வளவு நேரம் படித்த உங்களுக்குத் தோன்றலாம். இங்கே எழுதமாட்டேன். இந்தப் பக்கத்தின் எழுத்து எல்லாருக்கும் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிகிற எழுத்து. சுங்காயைத் தாண்டி வாருங்கள், மஞ்சள் குரோட்டன்ஸுக்குப் பக்கத்தில் வெறுங்கல் போல ஒன்று நிற்கும். வண்டியை விட்டு இறங்கி, அவள் முன்னால் குனிந்து படித்துக்கொள்ளுங்கள்.